மீண்டும் கடலுக்கு

அத்தியாயம் ஒன்பது

பெல்டன் ஊரின் பிப்ரவரிக் குளிரைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக ஒன்று மட்டும்: சென்ற மாதம் வெண்டல் ஸ்டோல்ட்ஸ் வீட்டு வாசலில் தபால்காரர் தும்மினார். அந்தத் தும்மல் உறைந்துபோய் இன்னும் படிக்கட்டின் மேல்தான் கிடக்கிறது, மார்ச் வெயிலில்தான் சத்தம் கேட்கும் என்று வெண்டல் சொல்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஓஹையோ மாநிலத்தில் இப்படிப்பட்ட குளிரில் உட்கார்ந்துகொண்டு வெண்டல் குடும்பத்தார் ஜூன் மாத விடுமுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

ஃப்ளோரிடாவுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. போய், ஐந்து நாள் சொகுசுக் கப்பலா, ஐந்து நாள் தீம் பார்க்கா?

மகன் கர்ட்டிஸ் கப்பல் கட்சி. பதினொரு வயதுப் பேத்தி பெய்ஜும் கப்பல். மருமகள் ரெனே முதலில் எல்லோருக்கும் மேலாகக் கப்பல் கட்சியாக இருந்தவள், வெள்ளிக்கிழமை மாலை திடீரென்று பார்க் கட்சிக்குத் தாவிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "தோணிச்சு," என்றாள். வெண்டலின் அக்கா வெர்னா எந்தக் கட்சி என்று அவளைப் படைத்தவருக்கும் தெரியாது.

வெண்டல் பார்க் கட்சி. உறுதியான பார்க் கட்சி. எழுபத்தாறு வயதில் ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்க ஆசைப்பட்ட கிழவரை பெல்டன் அதுவரை கண்டதில்லை.

அதிலும் இவர் யார்? கடற்படையில் நாலு வருடம் இருந்தவர். அங்கே முடி வெட்டக் கற்று, திரும்பி வந்து நாற்பது வருடம் பெல்டன் தலைகளை வெட்டியவர். வெட்டும்போது கதை சொன்னவர். கப்பல் அலை மேல் ஏறும்போது கேப்டனின் இடது கன்னம், இறங்கும்போது வலது கன்னம் என்று சவரம் செய்வாராம். ஒரு நாள் பாதியில் கடல் அமைதியாகிவிட்டதால், ஜப்பான் போய்ச் சேரும்வரை கேப்டன் ஒரு பக்கத் தாடியோடு இருந்தாராம். ஒரு திமிங்கிலம் நங்கூரத்தை விழுங்கிவிட்டு, கூச்சப்பட்டு, கப்பலை ஐஸ்லாந்துவரை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

யாரும் நம்பவில்லை. நம்பச் சொல்லி அவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் திமிங்கிலத்தை நம்பாத ஊர் கப்பலை நம்பியது. பெரிய பொய்யைப் பார்த்துச் சிரித்த மும்முரத்தில், அதன் காலடியில் உட்கார்ந்திருந்த சின்னப் பொய்யை யாரும் கவனிக்கவில்லை.

வெண்டல் ஸ்டோல்ட்ஸ் கப்பலில் ஏறியதே இல்லை. கடலைப் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஓட்டு.

*

தேவாலயம் முடிந்து வெளியே வந்தபோது கர்ட்டிஸ் தன் வேனின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வீடுகளுக்கு வெப்பக் குழாய் பொருத்துவது அவன் தொழில். குழாயில் எங்கே அறுப்பது என்று குறிக்க, ஆரஞ்சு நிறத்தில் எழுதும் ஒரு தடித்த மெழுகுப் பென்சில் வைத்திருப்பான். அது எப்போதும் அவன் வலது காதின் மேல் இருக்கும். பிரசங்கம் நடக்கும்போதும் இருக்கும். ஞானஸ்நானத்தின்போதே இருந்தது என்று வெண்டல் சொல்வார்.

வேனின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு நங்கூரம் வரைந்திருந்தது. கீழே 'நங்கூரம் ஹீட்டிங்' என்று எழுத்து. கடலிலிருந்து ஐந்நூறு மைல் தள்ளி இருக்கிற ஊரில் எதற்கு நங்கூரம் என்று கேட்பவர்களிடம் கர்ட்டிஸ், "எங்கப்பா கப்பல்ல இருந்தவரு," என்பான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

"அப்பா, நல்ல சேதி. உங்க பேப்பர் வந்துடுச்சு."

"எந்தப் பேப்பர்?"

"கடற்படைப் பேப்பர்தான். ராணுவத்துல இருந்தவங்களுக்குக் கப்பல்ல டிக்கெட் சலுகை இருக்கே. அத்தாட்சி கேட்டாங்க. உங்ககிட்ட கேட்டா வெள்ளத்துல போச்சுன்னீங்க. ரெனே அரசாங்கத்துக்கே எழுதிப் போட்டு நகல் வாங்கிட்டா."

வெண்டல் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எப்ப வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை. எங்கயோ பத்திரமா வெச்சிருக்கா, இன்னும் பிரிக்கல. ஓட்டு முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து பிரிப்போம்பா. எந்தெந்தக் கப்பல், எந்தெந்தத் துறைமுகம், எல்லாம் அதுல இருக்குமாமே. பெய்ஜ் சுவத்துல உலக வரைபடம் ஒட்டியிருக்கா. ஊசி குத்தப் போறாளாம்."

"பார்க் ஜெயிச்சா?"

"ஜெயிக்காது."

"ஜெயிச்சா?"

"அப்ப பேப்பர் எதுக்கு? சும்மா கிடக்கும்." கர்ட்டிஸ் சிரித்தான். "ஏம்ப்பா நீங்க? கடல்னா ஓடி வருவீங்கன்னு பார்த்தா, பஞ்சுமிட்டாய்க்கு அலையறீங்க."

"கடலை நான் பார்த்தாச்சுடா. அதுவும் என்னைப் பார்த்தாச்சு. ரெண்டு பேருக்கும் இனிமே புதுசா பேச ஒண்ணுமில்ல."

கர்ட்டிஸ் மறுபடி சிரித்தான். அப்பா வாய் திறந்தால் சிரிப்பது அவனுக்கு மூச்சு விடுவதுபோல. நாற்பத்தெட்டு வயது, நரைத்த மீசை, ஆனால் சிரிக்கும்போது எட்டு வயது. வெண்டலுக்குப் பயம் அந்த எட்டு வயதின் மேல்தான். தன் மானம் போவது பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. அது முன்பே பல தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்த நங்கூரத்தை அவன் எப்படி வேனிலிருந்து சுரண்டுவான்?

*

வெர்னாவை அவள் வீட்டிலிருந்து கர்ட்டிஸ் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவது வெண்டலின் ஞாயிற்றுக்கிழமை வேலை. காரில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ள வெர்னாவுக்கு ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் அவள் பேசுவாள்.

வெண்டலுக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் விஷயம் அறிந்த ஒரே ஆள் வெர்னா. 1969-இல் பேருந்து ஏறி, கடலே இல்லாத இல்லினாய் மாநிலத்தில் இருந்த பயிற்சி முகாமுக்குப் போய்த் தம்பியைப் பார்த்தவள். அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தப் பழக்கேக்கை வெட்டினாலும் பெரிய துண்டு வெர்னாவுக்கு. வெண்டல் தானாகவே எடுத்து வைத்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அக்காமேல் பாசம் என்று நினைத்தார்கள்.

"அக்கா, உன் ஓட்டு யாருக்கு?"

"ரகசியம்."

"பார்க்குக்குப் போடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"டேய், அந்தப் பார்க்குல ஒரு நாள் நடந்தா என் முட்டிய தனியா பார்சல்லதான் ஊருக்கு அனுப்பணும். கப்பல்ல நாள் முழுக்கச் சாப்பாடு போடறானாம். உக்காந்த இடத்துல."

"பேப்பர் வந்திருக்கு அக்கா."

வெர்னா பட்டையை விட்டுவிட்டாள். அது சர்ரென்று உள்ளே போய்விட்டது. இன்னொரு ஆறு நிமிடம்.

"அதுல எல்லாம் இருக்குமா?"

"அரசாங்கம் எதையும் மறக்காது."

"அப்ப நீயே சொல்லிடு."

"என்னன்னு சொல்றது?"

"திமிங்கிலத்தைச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு இது வராதா?"

வெண்டல் காரைக் கிளப்பினார். சாலையில் பனி கரைய உப்பு தூவும் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஊர்ப் பூங்காவின் மூலையில் அந்தக் கல் நின்றது. போருக்குப் போய்த் திரும்பாத பெல்டன் பையன்களின் பெயர்கள் அதில் இருந்தன. மேலிருந்து மூன்றாவது பெயர் காரி ஹாலிஸ். அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் வெண்டல் ரேடியோவைத் திருகுவார். இன்றைக்கும் திருகினார்.

காரி அவரோடு பள்ளியில் படித்தவன். அவன் கடற்படையில் சேர்ந்த முதல் நாள், முகாமில் அவன் தலையை மழித்ததே வெண்டல்தான். எண்பது நொடி வேலை. "காது இருக்கா பாருடா," என்று காரி கேட்டான். "ஒண்ணு இருக்கு," என்றார் இவர். அதுதான் கடைசிப் பேச்சு. காரியைக் கப்பல் கொண்டுபோனது. வெண்டலை நாற்காலி வைத்துக்கொண்டது.

1971-இல் ஊர் திரும்பி, சலூன் திறந்த முதல் வாரம் காரியின் அப்பா முடி வெட்ட வந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே, "கடல் எப்படி இருக்கும்ப்பா? எங்க பையன் லெட்டர்ல சாப்பாடு பத்தி மட்டும்தான் எழுதினான்," என்று கேட்டார்.

நான் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். வெண்டல் சொல்லவில்லை. "ராத்திரியில பச்சையா மினுங்கும் சார். காரிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்," என்றார். அந்த மனிதர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மறுவாரமும் வந்தார். அவர் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் வந்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர்களும் கேட்டார்கள். அவர்களைத் திசைதிருப்பத்தான் முதல் திமிங்கிலம் பிறந்தது.

"உன்னைத் திட்டல வெண்டல்," என்றாள் வெர்னா, கல் பின்னால் போனபிறகு. "ஆனா எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. அந்தப் பெரிய துண்டு கேக்கை இனிமே என்னால முழுசா சாப்பிட முடியல."

*

ஸ்டோல்ட்ஸ் குடும்பத்தில் ஓட்டுப் போடுவதற்கு ஒரு முறை உண்டு.

வெண்டலின் அப்பாவும் சித்தப்பாவும் பச்சை டிராக்டர் வாங்குவதா, சிவப்பு டிராக்டர் வாங்குவதா என்று சண்டை போட்டுப் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பதினொரு வருடமும் குதிரையை வைத்து உழுதார்கள். ராசியானபிறகு ஒரு விதி செய்தார்கள்: இந்தக் குடும்பத்தில் எதற்கு ஓட்டுப் போட்டாலும், போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று எதிர்க்கட்சிக்காக ஒரு நிமிடம் பேச வேண்டும். மனசாரப் பேச வேண்டும். பேசாதவர்களுக்கு ஓட்டு இல்லை.

நிமிடத்தைக் கணக்கிட ஒரு கோழி. பீங்கான் கோழி, வயிற்றில் மணி. கேக் வேகும்போது வைப்பது. அது கூவிவிட்டால் அமெரிக்க ஜனாதிபதியானாலும் உட்கார வேண்டியதுதான்.

மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் காலையிலிருந்து மின்சாரச் சட்டியில் மெதுவாக வெந்து, தேவாலயம் விட்டு வருவதற்குள் தயாராக இருந்தன. எலுமிச்சைப் பச்சை நிற ஜெல்லிக்குள் கேரட் துருவலை உறையவைத்து வெர்னா கொண்டுவந்திருந்தாள். முப்பது வருடமாகக் கொண்டுவருகிறாள். முப்பது வருடமாக எல்லோரும் பிரமாதம் என்று சொல்லி ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்கிறார்கள்.

தட்டுகளை ஒதுக்கியதும் கர்ட்டிஸ் காபி டின்னை மேஜை நடுவில் வைத்தான். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சோளமணி, ஒரு சிவப்பு பீன்ஸ் விதை. சோளம் பார்க். பீன்ஸ் கப்பல்.

கோழியைத் திருகிவிட்டுக் கர்ட்டிஸே முதலில் எழுந்தான். கப்பல்காரன், பார்க்குக்காகப் பேச வேண்டும்.

"பார்க்குல... ராட்டினம் இருக்கு. நிறைய இருக்கு. வான்கோழிக் கால் விப்பான், முழங்கை அளவுக்கு. வரிசையில நிக்கலாம். வரிசையில நிக்கும்போது குடும்பமா பேசிக்கலாம்." யோசித்தான். "வெயில் அடிக்கும். அதுவே பெரிய விஷயம்." உட்கார்ந்துவிட்டான். கோழிக்கு இன்னும் நாற்பது நொடி பாக்கி இருந்தது.

பெய்ஜ் எழுந்து அத்தனை ராட்டினங்களையும் உயரத்தோடும் வேகத்தோடும் ஒப்பித்தாள். பார்க் கட்சியே அப்படிப் பேசியிருக்க முடியாது. வெண்டலுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"நான் எந்தக் கட்சின்னு சொல்லல. அதனால எதிர்க்கட்சி எதுன்னும் சொல்ல முடியாது," என்றாள் வெர்னா எழாமலே. "ரெண்டுமே நல்லாருக்கும். ஜெல்லி மிச்சம் இருக்கு, யாராவது எடுத்துக்குங்க."

அடுத்து ரெனே. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. பேசும்போது எதிராளியின் வாயைப் பார்த்தே பேசுவாள். இன்றைக்கு மேஜை விரிப்பைப் பார்த்துப் பேசினாள்.

"கப்பல்ல சமைக்க வேணாம். கார் ஓட்ட வேணாம். போன்ல டவர் எடுக்காது." நிறுத்தினாள். "அப்புறம், ஒருத்தருக்கு ஒரு இடத்துக்குப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை இருந்து, போக முடியாமப் போயிருந்தா, அவரைக் கூட்டிட்டுப் போறதுக்குக் குடும்பத்தைவிட நல்ல துணை கிடையாது. அவ்வளவுதான்."

"யாரைச் சொல்ற?" என்றான் கர்ட்டிஸ்.

"பொதுவாச் சொல்றேன்."

கோழி கூவியது.

வெண்டல் எழுந்தார். பார்க் கட்சி, கடலுக்காகப் பேச வேண்டும். இதைப் பற்றி அவர் காலையிலிருந்து யோசிக்கவே இல்லை. எதற்கு யோசிப்பது? ஐம்பது வருடமாகப் பேசுகிற பேச்சு.

"ஒரு தடவை பசிபிக் கடல்ல..." என்று தொடங்கினார். பெய்ஜ் நாற்காலியில் நிமிர்ந்தாள். கர்ட்டிஸ் இரண்டு கைகளிலும் முகவாயைத் தாங்கிக்கொண்டான். சலூனில், பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூலைப் பெட்டிமேல் உட்கார்ந்து அப்படித்தான் கேட்பான். சிரிப்பு அவன் மீசைக்குக் கீழே வந்து தயாராக நின்றது.

கோழி டிக் டிக் என்றது.

மனசாரப் பேச வேண்டும் என்பது விதி. கடலுக்காக மனசாரப் பேச வெண்டலிடம் என்ன இருந்தது? தேடிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நான் கடலைப் பார்த்ததே இல்ல," என்றார்.

கர்ட்டிஸின் கைகள் முகவாயிலிருந்து இறங்கின.

பிறகு மேஜையை ஓங்கி அடித்தான். "ஐயோ அப்பா!" சிரிப்பில் அவனுக்கு மூச்சு முட்டியது.

"இதான் தாத்தா டாப்பு! திமிங்கிலத்தைவிட டாப்பு!" என்றாள் பெய்ஜ்.

"நிஜமாத்தான். நாலு வருஷமும் இல்லினாய்லதான் இருந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தா கரிக் கிடங்கு தெரியும்."

"கரிக் கிடங்கு!" கர்ட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாலாம் நம்பர் நாற்காலி என்னோடது. ஒரு தலைக்கு எண்பது நொடி. பையன்க வருவாங்க, மழிப்பேன், கப்பலுக்குப் போவாங்க. நான் முடியைக் கூட்டித் தள்ளுவேன்."

எந்த முகமாற்றமும் இல்லாமல்தான் சொன்னார். வேறு மாதிரிச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. திமிங்கிலத்தையும் இதே முகத்தோடுதான் சொல்லியிருந்தார். அதனால் உண்மை ஒவ்வொன்றும் விழ விழ, சிரிப்பு ஒவ்வொரு படி ஏறியது. வெர்னா மட்டும் ஜெல்லியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரெனே தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு எழுந்து, அது நிறைந்திருப்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள்.

"அதனாலதான் சொல்றேன், கப்பல்ல போகணும். பார்க்காதவனுக்குத்தான் அது வேணும். உங்களுக்காக இல்ல, எனக்காக. காரி ஹாலிஸ்னு ஒருத்தன், அவனும் நானும்..."

கோழி கூவிவிட்டது.

விதி விதிதான். வெண்டல் உட்கார்ந்தார்.

"அப்பா, இதுவரைக்கும் சொன்னதுலயே இதுதான்," என்றான் கர்ட்டிஸ். மேலே ஏதோ சொல்ல வந்து, காதுமேல் இருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காபி டின்னை நகர்த்தினான். "சரி, போடுங்க."

டின் சுற்றி வந்தது. வெண்டலின் முறை வந்தபோது இரண்டு விதைகளும் உள்ளங்கையில் இருந்தன. காலையிலிருந்து சோளத்துக்காகவே வாழ்ந்தவர். ஆனால் நாலு வருட விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. நம்பவில்லை என்பது அவர்கள் பாடு. சொன்னபிறகு உள்ளே ஓர் இடம் காலியாகி, அங்கே எதுவோ எழுந்து உட்கார்ந்தது. பயத்தின் அடியில் ஐம்பது வருடம் படுத்துக் கிடந்த வெறும் ஆசை. அது ராத்திரியில் பச்சையாக மினுங்குமா, மினுங்காதா?

ஒன்றைப் போட்டார். இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

பெய்ஜ் கொட்டி எண்ணினாள். நாலு பீன்ஸ். ஒரு சோளம்.

"தாத்தா தோத்துட்டாரு!" என்று துள்ளினாள். வெண்டல் தோற்றவர்போலவே முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருக்குக் கடினமான வேலை அல்ல.

*

கர்ட்டிஸ் படுக்கையறைக்குள் ஓடி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே ஐந்து நீலச் சட்டைகள். விடுமுறைக்கு ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொள்ளாத குடும்பத்தை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பது கர்ட்டிஸின் நம்பிக்கை. மார்பில் பெரிய நங்கூரம். அதன் மேலே 'கேப்டன் வெண்டல் குழு'. கீழே 'மீண்டும் கடலுக்கு'.

"ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே வாங்கிட்டியா?" என்றாள் ரெனே.

"அஞ்சு எடுத்தா எழுத்து இலவசம்னான்."

"பார்க் ஜெயிச்சிருந்தா?"

"பார்க்குலயும் குளம் இருக்கும்ல."

வெண்டல் தன் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். 'கடலுக்கு' சரிதான். அந்த 'மீண்டும்' மட்டும் மீன்முள் மாதிரி கண்ணில் குத்தியது.

"அளவு சரியா இருக்குமாப்பா?"

"ஒரு சொல் பெரிசா இருக்கு," என்றார். கர்ட்டிஸ் சிரித்தான். "கார்ல வெச்சிடறேன், குடுங்க," என்று வாங்கிக்கொண்டு கோட்டை மாட்டியபடி வெளியே போனான்.

பெய்ஜ் வரைபடத்தின் முன்னால் ஊசிகளோடு நின்றாள். "அம்மா, அந்தக் கவரு?"

"தேடணும் கண்ணு. ஃப்ளோரிடாவுல ஒரு ஊசி குத்தி வை."

*

சமையலறையில் ரெனே பாத்திரம் கழுவ, வெண்டல் துடைத்தார்.

"அந்தச் சோளம் என்னோடது, வெண்டல்," என்றாள் அவள். "உங்களோடதும் இருக்கும்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மாவு டின்னைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். ஓரம் கிழிந்து, மறுபடி ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை பிரிச்சேன். சலுகைக்கு நம்பர் வேணுமேன்னு பிரிச்சேன். சத்தியமா அதுக்குத்தான்."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பெயர். பிறந்த தேதி. வேலை: முடிதிருத்துபவர். அதற்குக் கீழே ஒரு கட்டம். வெளிநாடு அல்லது கடலில் பணியாற்றிய காலம்: வருடம் சைபர், மாதம் சைபர், நாள் சைபர்.

"மூணு சைபர் எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"அரசாங்கமாச்சே. இல்லைன்னு ஒரு தடவை சொன்னா அவங்களுக்குத் திருப்தி ஆகாது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சலுகைக்கு இது போதும். படையில இருந்தீங்களான்னுதான் கேக்கறாங்க, கடல்ல இருந்தீங்களான்னு இல்ல. கர்ட்டிஸ் கண்ணுல படாம நானே அனுப்பிடறேன். அதுக்குத்தான் பார்க்குன்னு அடம் பிடிச்சேன். போகலைன்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னு."

"இன்னிக்கு நான் சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா அவர் எப்படிச் சிரிச்சார் பார்த்தீங்களா? விழுந்து விழுந்து. அவருக்குத் தெரிய வேணாம், வெண்டல். அந்த நங்கூரம் பெயிண்டுக்கு வாரண்டி இருபது வருஷம்."

வெண்டல் உறையை மடித்து, சோளமணி இருந்த பைக்குள் வைத்தார். மருமகளின் ஈரக் கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். அவர்கள் வீட்டில் அதற்குமேல் வழக்கமில்லை.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வெர்னாவின் ஆறு நிமிடத்தைக் கணக்கில் வைத்து வெண்டல் முன்னதாகவே காருக்குப் போனார். தெருவின் எதிர்ப்பக்கம், வேனின் அருகே, கர்ட்டிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் சுரண்டி இல்லை. நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். அந்தக் குளிரில் பெல்டனில் யாரும் சும்மா நிற்பதில்லை.

வெண்டல் கார்க் கதவைத் திறந்தார்.

ஓட்டுநர் இருக்கையில் நீலச் சட்டை நெஞ்சுப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. குனிந்து எடுத்தார். கண்ணாடி சமையலறையிலேயே தங்கிவிட்டது. கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

'கேப்டன் வெண்டல் குழு' அப்படியே இருந்தது. நங்கூரம் அப்படியே இருந்தது. கீழே 'கடலுக்கு' இருந்தது.

'மீண்டும்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. அளவுகோல் வைத்ததுபோல நேராக, ஒரே இழுப்பில், தடிமனான ஆரஞ்சு நிறக் கோடு.

வெண்டல் நிமிர்ந்து வேன் இருந்த பக்கம் பார்த்தார். இந்த ஊரில் அந்த நிறத்துப் பென்சில் ஒரே ஒரு காதின் மேல்தான் இருக்கும். இப்போது அந்தக் காது வெறுமையாக இருந்தது.

"அவ்வளவு சிரிச்சியேடா," என்றார் மெதுவாக. "எப்பலேர்ந்துடா தெரியும்?"

குளிரில் அந்தக் கேள்வி வெள்ளைப் புகையாக எழுந்து, தெருவைத் தாண்டாமல், அவர் முகத்துக்கு முன்னாலேயே நின்றது.